ஆடிக் காற்றில் ஒரு கண்ணாடிச் சோதனை: அவிநாசி, சேவூர், மண்ணரை

லடாக் போனவர்களும் வால்பாறை போனவர்களும் எழுதுகிற இடத்தில், அவிநாசியிலிருந்து சேவூர் போய், திரும்பி, திருப்பூரைத் தாண்டி மண்ணரை வரை போய், மறுபடி அவிநாசிக்கு வந்த ஒரு பகல் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மொத்தம் 53 கிலோமீட்டர் என்பது திட்டம். அதில் கடைசி ஐந்து கிலோமீட்டரை நான் ஓட்டவில்லை. பைக் ஓட்டும்போது போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி வாங்க நினைப்பவர்களுக்கு, ஓட்டிய நாற்பத்தெட்டை விட ஓட்டாத அந்த ஐந்து அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். போன ஆடி மாதம், இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பனியன் கம்பெனிகளுக்குப் போய், தைத்த உருப்படிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை எனக்கு. கியூசி என்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். என் கைப்பையில் சாவி இல்லாமல் இருக்கலாம், அந்த ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் இருக்காது. பதினோரு வருடமாக 125 சிசி பைக்கில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றுகிறேன். நான் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே செக்கிங் செக்‌ஷனில் பேச்சு நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சித்திரையில் ஊத்துக்குளி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது புழுக்கம் தாங்காமல் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். முன்னால் போன லாரியின் பின்சக்கரத்திலிருந்து ஏதோ தெறித்தது. கல்லோ இரும்புத் துகளோ, இன்றுவரை தெரியாது. இடது கண்ணின் கருவிழியில் காயம். ஆறிவிட்டது, ஆனால் ஒரு வெள்ளைத் தழும்பை விட்டுவிட்டு ஆறியது. அந்தக் கண்ணால் இப்போது உலகத்தைப் பார்த்தால் ஈரமான பாலிதீன் கவர் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டுச் சொன்னார். "வலது கண்ணு நல்லா இருக்குதுங்க. பகல்ல ஓட்டலாம். ஆனா நாலு பக்கமும் மூடின கண்ணாடி இல்லாம வண்டிகிட்டயே போகாதீங்க. உங்களுக்கு ஸ்பேர் இல்லீங்க."

டாக்டர் விட்டாலும் வீட்டில் விடவேண்டுமே. என் கணவர் கதிர்வேல் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைப்பவர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்து சாமி அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு நாளைக்கு ஓட்டிப் பாரு புள்ள. நீ தினமும் போற மாதிரியே போயிட்டு வா. பொழுதோட வந்து நீயே சொல்லு, ஓட்ட முடியுதா முடியலையான்னு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். முடியலைன்னா வண்டியக் குடுத்துரலாம். உக்காந்து பாக்கற செக்கிங் வேலை எங்க வேணாலும் கிடைக்கும்."

செரி என்றேன். அந்த வண்டி போனாலும் வேலை போகாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மேசைக்கு முன்னால் ஒன்பது மணி நேரம் டியூப் லைட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கென்று இருந்த ஒரே திறந்தவெளி அந்த சீட்தான். அது போய்விடுமோ என்று பயந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன்.

கண்ணாடி வாங்கிய கதை

கடை திருப்பூரில், ஒர்க்‌ஷாப்களுக்கு வேண்டிய கையுறை, முகமூடி எல்லாம் விற்கிற ஒரு குறுகலான கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அழகுக்குங்களா, கண்ணுக்குங்களா?"

கண்ணுக்கு என்றேன். ஆனால் கை தானாகக் கறுப்புக் கண்ணாடிகள் பக்கம்தான் போனது. தழும்பு தெரியாதே! மூன்று மாதமாக ஆட்கள் என்னிடம் பேசும்போது என் இடது கண்ணைப் பார்த்துவிட்டு அவசரமாகக் காதைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கறுப்பாக ஒன்று போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை விட்டது.

அவர் அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கறுப்பு வேண்டாங்க. பாலத்துக்கு அடியில பூந்தா ஒண்ணுமே தெரியாது. மழை மோடம் போட்டா தெரியாது. ஒரு கண்ணுல பாக்கறவங்களுக்கு வெளிச்சம் பத்தாதுங்க. வெள்ளையே எடுத்துக்கங்க."

மூன்று வகை காட்டினார். சாதாரண மூக்குக் கண்ணாடி போல இரண்டு பக்கமும் திறந்திருப்பது 120 ரூபாய். பக்கவாட்டில் வளைந்து காது வரை மறைப்பது 350. அதே வளைவோடு, உள்பக்க விளிம்பு முழுக்க ஸ்பாஞ்சு வைத்தது 850. மூன்றுமே பாலிகார்பனேட், அதாவது கல் அடித்தாலும் சிதறாத பிளாஸ்டிக். நிஜக் கண்ணாடி பைக்குக்கு ஆகாது என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹெல்மெட்டைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். 120 ரூபாய்க் கண்ணாடியின் கீழ் இடுக்கு வழியாக என் செருப்பு தெரிந்தது. செருப்பு தெரிகிற இடைவெளியில் தூசி வராதா? 350 ரூபாய்க் கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்ததால் ஹெல்மெட் அதைக் காதோடு சேர்த்து அழுத்தியது. 850 பொருந்தியது. கடைக்காரர் மேசை விசிறியைத் திருப்பி நேராக என் முகத்தில் வைத்தார். கண் கலங்கவில்லை. வாங்கிவிட்டேன்.

காலை: அவிநாசி – சேவூர் – அவிநாசி, 16 கி.மீ.

புதன் காலை 6.40-க்குக் கிளம்பினேன். கதிர்வேல் சாவியை எடுத்துக் கொடுத்தார், திருநீறு பூசிவிட்டார். தன் 150 ரூபாய்க் கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு அவரும் வேலைக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

பாதையை நான் யோசித்துத்தான் போட்டேன். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு மூன்று விதமான தொல்லை உண்டு. சேவூர் பக்கம் காடு தோட்டம், காலையில் பூச்சி. அவிநாசி ரோட்டில் லாரியும் ஆடிக் காற்றின் புழுதியும். மண்ணரைக்குள் நுழைந்தால் பனியன் துணி வெட்டியதில் மிஞ்சிய வெட்டுத்துணியும் பஞ்சுத் தூசியும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று கணக்கு. ஹெல்மெட் முன்கண்ணாடியைத் தூக்கியே வைத்தேன். புதுக் கண்ணாடிக்குப் பரீட்சை என்றால் முழுசாக வைக்க வேண்டும் அல்லவா?

மூன்று மாதத்துக்குப் பிறகு கிளட்சை விட்டபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. தூரம் கணிப்பதுதான் கஷ்டம். எதிரே வரும் மொபெட் பக்கத்தில் இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்று ஒரு கண்ணுக்குச் சட்டென்று புரிவதில்லை. வேகத்தை 30-க்கு மேல் ஏற்றவில்லை. சோளக்காட்டு வாசனை, மாட்டுத் தொழுவ வாசனை, ஈரமான காற்று. கண் மட்டும் உலர்ந்து சுகமாக இருந்தது.

சேவூருக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது "டப்" என்று ஒரு சத்தம். வலது பக்கம், சரியாகக் கண்ணுக்கு நேரே. தலை பின்னால் போனது. ஒரு கணம் இரண்டு கண்ணும் போய்விட்டது என்றே நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டினேன். கண்ணாடியில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பூச்சி நசுங்கி ஒட்டியிருந்தது. காசு அகலம் இருக்கும். என் நல்ல கண்ணுக்கு முன்னால், அரை விரல் தூரத்தில்.

அங்கேயே வரப்போரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பயத்தில் வந்ததல்ல, சந்தோஷத்தில்தான். 850 ரூபாய்க்கு ஒரு கண் திரும்பக் கிடைத்திருக்கிறது.

சேவூர் டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கழுவினேன். பெரும்பகுதி போனது, நடுவில் பிசுக்கு மட்டும் நின்றது. பக்கத்தில் மொபெட்டில் பால் கேனோடு நின்றிருந்த ஒரு விவசாயி பார்த்துவிட்டு, "பூச்சிங்களா அம்மிணி?" என்றார்.

"ஆமாங்க. நேரா வந்து அடிச்சிருச்சு."

"காலங்காத்தால இந்த ரோட்ல நெம்பத் தொல்லைங்க. நானெல்லாம் ஒத்தைக் கண்ண மூடிட்டுத்தான் ஓட்டறது. ஒண்ணுல பூச்சி உழுந்தா இன்னொண்ணு இருக்குதில்லீங்க?"

"எனக்கு மூடி வெக்கறதுக்கு இன்னொண்ணு இல்லீங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் என் கண்ணைப் பார்த்தார். மற்றவர்களைப் போலக் காதுக்குத் தாவவில்லை. நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். டீ 12 ரூபாய், அவரே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பகல்: அவிநாசி – மண்ணரை, 18.5 கி.மீ.

8.20-க்கு அவிநாசியில் இட்லி சாப்பிட்டேன். பிறகு திருப்பூர் ரோடு. காற்று முதுகில் அடித்ததால் போகும்போது சிரமம் தெரியவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் முப்பது நிமிடம் போனது. நின்று நின்று போனால் எந்தக் கண்ணாடியிலும் மூச்சு படியும், இதிலும் இரண்டு முறை படிந்தது. சிக்னலில் மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கிளம்பும்போது ஏற்றினால் போதும். மண்ணரையில் துணி மூட்டை ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் பஞ்சு பனி போலப் பறந்தது. ஸ்பாஞ்சின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் படிந்தது, உள்ளே ஒன்றும் வரவில்லை. 10.15-க்குக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியபோது செக்கிங் செக்‌ஷனில் பேச்சு நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் கேலி செய்வீர்கள்.

சாந்தாமணி அக்கா அங்கே பதினைந்து வருடமாகச் செக்கிங் பார்ப்பவர். என்னைக் கட்டிக்கொண்டார். பழைய சரக்கு பற்றிப் பேச்சு, மேனேஜரிடம் மறுபடி வேலைக்கு வருவது பற்றிப் பேச்சு, அக்கா வீட்டுச் சோறு என்று பகல் போனது. நாலு மணி டீ நேரத்தில் அக்கா என் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். செக்கிங்காரரின் கை, சும்மா இருக்குமா?

"என்ன சுமதி, இத்தனை பிசுக்கோட ஓட்டிட்டு வந்திருக்கற? இருக்கறது ஒரு கண்ணு, அதுக்கு முன்னால கறையா?"

எழுந்து போய்க் கறை எடுக்கும் கன்னை எடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணியில் மெஷின் எண்ணெய் பட்டால், ஒரு கரைசலைத் துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஊற்றி அந்த இடத்தில் பீய்ச்சுவார்கள். கறை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எங்கள் ஊரில் எந்தக் கறைக்கும் முதலில் நீளும் கை அந்தக் கன்னை நோக்கித்தான். சட்டை, செருப்பு, டிபன் பாக்ஸ் மூடி, எல்லாவற்றுக்கும்.

"எண்ணெக் கறையே ஓடிப்போகுது, பூச்சிக் கறை போகாதா?" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அடித்தார். வெட்டுத்துணியில் துடைத்தார். பளிச்சென்று ஆனது. அந்த உற்சாகத்தில் ஹெல்மெட் முன்கண்ணாடிக்கும் உள்ளும் வெளியும் அடித்துத் துடைத்துவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கரைசல் பட்டால் பிளாஸ்டிக் ஸ்கேலில் எண் அழிந்துவிடும், பட்டன் மங்கிவிடும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! அன்று வாயில் டீயும் பேச்சும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா மேல் எனக்குக் கோபமே இல்லை. என் மேல்தான்.

திரும்பும்போது: மண்ணரை – திருமுருகன்பூண்டி, 13.5 கி.மீ.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கண்ணாடியில் கரைசல் வாடை லேசாக அடித்தது. ஊருக்குள் கட்டட நிழலில் எல்லாம் தெரிந்தது, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மங்கல். தூசி என்று நினைத்து, நின்று, துண்டுத் துணியால் இன்னொரு முறை துடைத்தேன். அனுப்பர்பாளையம் தாண்டியதும் ரோடு சூரியனைப் பார்த்துத் திரும்பியது. எதிர்க்காற்றும் ஆரம்பித்தது.

வெயில் கண்ணாடியில் விழுந்த நொடியில் உலகம் வெள்ளையாகிவிட்டது. மயிரிழை மயிரிழையாக, வலை பின்னியது போல விரிசல். நடுவில் பால் கொட்டியது போல ஒரு மங்கல், அதுவும் வலது பக்கம். ஹெல்மெட் முன்கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். அதிலும் அதே வலை. இரண்டையும் விலக்கி வெறுங்கண்ணோடு ஓட்ட, டாக்டர் சொன்னது விடவில்லை. முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகக் கரைந்து தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து திருமுருகன்பூண்டி வரை வந்து, ரோட்டோரச் சிற்பக் கூடங்களுக்கு முன்னால் நிறுத்தினேன். மணி 5.50.

அங்கே கல்லில் நந்தி செதுக்கிக்கொண்டிருந்த ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். முகம் முழுக்கக் கல்பொடி. என் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல தின்னர் கின்னர் பட்டுதுங்களா?"

நடந்ததைச் சொன்னேன்.

"நானும் ஒருக்கா பெயிண்டு போகோணும்னு துடைச்சனுங்க. இப்புடியேதான் வலை உழுந்துருச்சு. இனி இது ஆகாதுங்க." தன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கல்பொடி பட்டுப் பட்டு அது சாம்பல் நிறமாக இருந்தது. அதில் பார்த்தால் அவர் முகமே தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். "போச்சாதுங்க, பரவால்லை, அவிநாசிதானுங்களே? மொள்ளமா போயிருங்க. ரோடு தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்றார்.

அதையேதான் என் மனசும் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து கிலோமீட்டர். மெதுவாகப் போனாலும் கால் மணி நேரம். வீட்டுக்குப் போய் சாவியை வைத்துவிட்டு, கண் உறுத்தவே இல்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, கண் உறுத்தவில்லையே! நாளைக்கே இன்னொரு 850 ரூபாய் கொடுத்து இதே கண்ணாடி வாங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பதினோரு வருடமாக அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தவள், என் வேலையில் ஒன்றை மறைக்க எவ்வளவு சுலபமாக வழி தேடினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கிளம்பினேன். இருநூறு மீட்டர் போயிருக்கமாட்டேன். அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் முளைத்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். முன்சக்கரம் அந்த சைக்கிளின் பெடலைத் தொட்டு நின்றது.

"தீதீ! தேக்கே சலாவோ!" என்று கத்தினார் சைக்கிள்காரர். ஷிப்ட் முடிந்து போகும் வடநாட்டுத் தொழிலாளி, ஹேண்டிலில் சோற்றுத் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது. பார்த்து ஓட்டுங்கள் அக்கா என்கிறார். நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் என் கண்ணைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "டீக் ஹே? டீக் ஹே, தீதி?" ஒன்றும் ஆகவில்லையே என்று என்னைக் கேட்கிறார், இடித்தவளைப் போய்! அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சிற்பக் கூடத்துக்கே திரும்பினேன். என் கண்ணைக் காப்பாற்றத்தான் காலையிலிருந்து இத்தனை பாடு. அந்த மனிதரின் கால்களைப் பற்றி நான் ஒரு முறைகூட நினைக்கவில்லை.

கதிர்வேலுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"கம்பெனியில இல்லீங்களா?"

"வகுத்து வலின்னு சொல்லிட்டு மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டேன். எங்க இருக்கற?"

"பூண்டியில. ஏனுங்க, என்னால ஓட்ட முடியலைங்க. ஒருத்தர இடிக்கப் பாத்துட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"அடி பட்டுதா?"

"இல்லீங்க."

"அங்கயே நில்லு" என்று வைத்துவிட்டார்.

6.25-க்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஹெல்மெட், சட்டையில் கறுப்புக் கண்ணாடி. சாவியை வாங்கிக்கொண்டார். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். எதிர்க்காற்று கல்பொடியை அள்ளி வந்தது. சூரியன் மேகத்துக்குள் போனதும் ரோடு தெரியாமல் அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு வெறுங்கண்ணோடு, இமையை இடுக்கிக்கொண்டு ஓட்டினார். அவிநாசிக் கோபுரம் தெரிவதற்குள் நான்கு முறை இடது கையால் கண்ணைத் துடைத்தார். நான் எண்ணினேன். தோற்றுப்போனவள் என்ன பேசுவது?

வாங்கப் போகிறவர்களுக்கு

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. என் அனுபவத்தில் சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன். கண் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஹெல்மெட் இல்லாமல் போய்க் கண்ணாடி வாங்காதீர்கள். இரண்டையும் சேர்த்து மாட்டி, குனிந்து, செருப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேண்டாம். வெள்ளைக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும், காசு மிஞ்சினால் கறுப்பு இரண்டாவதாக வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் வெள்ளைக் கண்ணாடி கூசத்தான் செய்யும், அதற்காக நான் இப்போது நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். கடையில் டியூப் லைட்டுக்கு அடியில் எந்தக் கண்ணாடியும் நன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு வந்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பச்சைத் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், வேறு எந்தத் திரவமும் வேண்டாம். காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்க வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக: வண்டி சீட்டுக்கு அடியில் நாம் எல்லோரும் வைத்திருக்கிறோமே வெட்டுத்துணி, அது செயினுக்கு, கண்ணாடிக்கு இல்லை.

சாந்தாமணி அக்காவிடம் மறுநாள் சொன்னபோது, "என்ற கையாலயே உன்ற கண்ணுக்கு..." என்று அழுதுவிட்டார். சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆனது. இப்போது அந்தக் கன் மேல் 'கண்ணாடி, ஹெல்மெட்டுக்கு அடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். கம்பெனியில் ஏழெட்டுப் பேர் வந்து, "அக்கா, நானும் அடிச்சிருக்கறேங்க" என்றார்களாம்.

இந்தப் பாதையில் போக விரும்புகிறவர்கள் காலை ஆறே முக்காலுக்குச் சேவூர் ரோட்டில் இருங்கள், அழகு அப்போதுதான். பூச்சியும் அப்போதுதான். ஆடி மாதத்தில் அவிநாசியை நோக்கி மாலையில் வராதீர்கள். பெட்ரோல் எனக்கு ஒரு லிட்டரில் முடிந்தது.

அந்தப் புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவர் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார், கேட்கவும் இல்லை. நானாகச் சொல்ல வேண்டும். பூச்சி அடித்ததிலிருந்து சைக்கிள் வரை எல்லாவற்றையும் சொன்னேன், யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிடப் பார்த்ததையும் சேர்த்து. பிறகு கைப்பையிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, வலது பக்கத்தில் விரிசல் தொடங்கும் இடத்தில் ஒட்டி, கண்ணாடியை முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் சாவியையும் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுட்டுத் தூங்கு புள்ள" என்றார், அவ்வளவுதான்.

காலையில் எழுந்து விளக்கேற்றப் போனேன். அலமாரியில் கண்ணாடி இருந்தது, அம்புக்குறி இல்லை. சாவியும் இல்லை. வண்டியை விற்க ஆள் பார்க்கப் போய்விட்டார் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். சாவி பழைய ஆணியில் தொங்கியது. அதன் பக்கத்து ஆணியில் அவருடைய 150 ரூபாய்க் கறுப்புக் கண்ணாடி. அதன் நட்டநடுவில் என் அம்புக்குறி ஒட்டியிருந்தது.

சிவந்த கண்ணை வேட்டி நுனியால் ஒற்றிக்கொண்டே அவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"ஏம்புள்ள, அந்தக் கடைக்காரன் எத்தனை மணிக்குத் தொறப்பான்?"